செருமல்

பிட்டோலா ஊரில் த்ராயனும் க்ளிமேயும் சேர்ந்து நடத்திய கார் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. அறுந்தால் எஞ்சினே நின்றுபோகும் டைமிங் பெல்ட்டை மாட்டியவன், அதன் இறுக்கத்தைப் பார்க்கக் கூடாது. தன் வேலையைத் தானே சோதித்தால் விரல் பொய் சொல்லுமாம். த்ராயன் மாட்டிவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைப்பான். உள்ளே க்ளிமே பெல்ட்டை இரண்டு விரலால் முறுக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் ஒரு செருமல் செருமுவான். அவ்வளவுதான். மனுஷன் வாயைத் திறந்து பாராட்டியதே இல்லை.

க்ளிமே செத்த பிறகும் த்ராயன் வெளியே போவதை விடவில்லை. உள்ளே செருமல் சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும் அவனுக்கு முதுகு சில்லிட்டது. யாரிடம் சொல்ல முடியும்? உள்ளே வந்து பெல்ட் மூடியை மாட்டிவிடுவான்.

இன்று வந்திருந்தது க்ளிமேயின் கார். அவன் மகன் ஸ்டோயன் கைக்குழந்தையோடு அதில் கணவாய் ஏறி ஓஹ்ரிட் போகிறான். த்ராயன் பெல்ட்டை மாட்டி, எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு, வெளியே போனான். சிகரெட் விரலைச் சுட்டது. உள்ளே சத்தமே இல்லை.

திரும்பி வந்து தானே முறுக்கிப் பார்த்தான். இறுக்கம் சரியென்றால் திரும்ப வேண்டிய கால் சுற்றுதான் திரும்பியது. நம்பிக்கை வரவில்லை. தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி சுற்றி, மறுபடி வெளியே போனான். அப்போதும் ஒன்றுமில்லை.

துக்கத்துக்கான கருப்பு உடையில் வாசலில் நின்ற ரிஸ்தானா, க்ளிமேயின் மனைவி, பொறுமை இழந்தாள். "என்னப்பா, கோழி மாதிரி உள்ளயும் வெளியயும் ஓடிட்டிருக்கே?"

"அவன் செருமல அண்ணி."

யார் என்று அவள் கேட்கவில்லை. முகம் வெளுத்துப்போனது. "இங்கயுமா வந்துட்டிருந்தாரு?"

"வருஷம் பூரா."

"வீட்லயும் அதே சத்தம்தான். எனக்குத் தூக்கமே இல்ல. காலையில வருஷத் திதிக்குக் கல்லறைக்குப் போனேன்ல, படையலுக்கு அவிச்ச கோதுமை வச்சு ஒயின் ஊத்துறப்ப சொல்லிட்டேன். போதும், போய்ப் படுங்க, இங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்லன்னு."

த்ராயனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வருஷம் முழுக்க எதற்குப் பயந்தானோ, அது இல்லாமல் இப்போது நிற்க முடியவில்லை. பெல்ட்டைத் தொட்டான். எல்லாம் சரியாகவே இருந்தது. தன் விரலைத்தான் அவனால் நம்ப முடியவில்லை.

"சொல்லுப்பா, நல்லா இருக்கா? ஸ்டோயன் வண்டிய எடுத்துட்டுப் போலாமா?"

அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"பஸ்ல போகச் சொல்லுங்க அண்ணி."