பாதி உருவிய கத்தி

பிரிக்பீல்ட்ஸ் நகைக்கடையின் வாசலில் காவல் நின்ற ரேமண்டின் துப்பாக்கியுறையை, பின்னாலிருந்து ஒரு கை இறுகப் பற்றியது. துப்பாக்கியைப் பறிக்க எவரேனும் நெருங்கிவிட்டால் தடுப்பதற்கென்றே, அவர் இடப்பக்க இடுப்பில் சிறு கத்தியொன்றைச் செருகியிருந்தார். வலக்கையால் துப்பாக்கியை அழுத்தியவாறே, இடக்கையால் கத்தியைப் பாதி உருவித் திரும்பினார்.

மழையில் நனைந்த படியில் கால் வழுக்கிய கர்ப்பிணி ஒருத்தி, விழாதிருக்க அகப்பட்டதைப் பற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் காணுமுன் கத்தியை உள்ளே தள்ளிவிட்டு, ரேமண்ட் அவளைத் தாங்கி நிறுத்தினார்.

“சாரி லா அங்கிள். நான்தானே விழப்போனேன், உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?”

“வெயில்மா.”

“மழையில வெயிலா?”

சிரித்துக்கொண்டே அவள் நலமாகப் படியிறங்கிச் செல்வதைக் கண்ட பின்னரே, அவருடைய மூச்சு சீராயிற்று.