சுவர்ப் பக்கத்து எட்டு

"அந்த எட்டு பேரிங்கையும் கழட்டித் துடைச்சியா இல்லையா? அதை மட்டும் சொல்லுண்ணா."

"துடைச்சேன்."

"கழட்டி?"

அண்ணன் அவளுடைய சோதனைக்கூட மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில், சூளை உருளைகளின் பேரிங்குகளுக்கு கிரீஸ் அடிப்பதுதான் பதினாறு வருடமாக அவன் வேலை. அந்த கிரீஸைக் காய்ச்சும் சின்னக் கம்பெனியில் தங்கை கெமிஸ்ட். அவளுக்குக் 'களிம்பு டாக்டர்' என்று பேர் வைத்ததே அவன்தான்.

"சுவர்ப் பக்கம் கை போகாதுடி களிம்பு. மாத்தறதுக்குக் குடுத்தது ஒரே ஒரு ஷிப்ட். எப்பவும் போல, புதுசு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற வரைக்கும் பம்ப் அடிச்சேன். ஊர் உலகமே அப்படித்தானே செய்யுது?"

அப்படித்தான் செய்கிறது. லித்தியம் கிரீஸ் மேல் லித்தியம் கிரீஸ் அடித்தால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பேட்டரிக்காரர்கள் லித்தியத்தை வாரிக்கொண்டு போக, கொப்பரைக்கு ஒரு மூட்டை கிடைப்பதே குதிரைக் கொம்பாகிவிட்டது. இரண்டு வருடம் களிமண்ணோடும் ஆமணக்கெண்ணெயோடும் மல்லுக்கட்டி அவள் கண்டுபிடித்தது இந்தப் புது கிரீஸ். சூட்டுக்கு உருகாது. பழசோடு மட்டும் சேரவே சேராது.

அவள் கண்ணாடித் தட்டில் பழசிலும் புதுசிலும் ஒவ்வொரு கரண்டி வைத்து, கத்தியால் ஒன்றாகத் தேய்த்துக் காட்டினாள். கெட்டியாக நின்ற இரண்டும் கொஞ்ச நேரத்தில் இளகி, தண்ணீராகி, தட்டின் ஓரத்துக்கு ஓடின. அண்ணன் கர்சீப்பை எடுத்துத் துடைக்கப் போனான். எதைச் சிந்தினாலும் உடனே துடைக்கிற கை அது.

"இதான் நடந்திருக்கு. கிரீஸ் ஒழுகிப் போய், எட்டு பேரிங்கும் காய்ஞ்சு இறுகிப் போச்சு."

"மீதி ஐம்பத்தாறும் பட்டு மாதிரி சுத்துதுடி. தொட்டுப் பார்த்தேன்." பெருமையாகச் சொன்னவன் தலையைக் குனிந்துகொண்டான். எட்டு நின்றதால் சூளையே நின்றுவிட்டது. உள்ளே இருந்த ஓடுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

"டப்பா அட்டையில கொட்டை எழுத்துல எழுதியிருந்தேனே, கழட்டாம போடாதேன்னு?"

"எழுதியிருந்த. பழசும் பழுப்பு, புதுசும் பழுப்பு. எட்டிப் பார்க்கிறது எதுன்னு நான் என்ன ஜோசியமா பார்க்கிறது?"

அவன் சொன்னது நிஜம். புதுசில் ஒரு சிட்டிகை பச்சைச் சாயம் கலந்திருந்தால் போதும், வித்தியாசம் தெரிந்திருக்கும். மண்ணும் விதையும் தவிர இதில் வேறொன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் ஆசையில் அதை வேண்டாம் என்று விட்டவள் அவள்தான்.

யாரும் இந்த கிரீஸைத் தொட மறுத்தபோது, தன் தொழிற்சாலை மேலாளர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, சோதனைக்கு அந்தச் சூளையை வாங்கிக் கொடுத்தவன் அண்ணன். இது தோற்றால் களிமண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவளுடைய முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத் தாளை எடுத்து, கண்ணாடித் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தான். விரலில் இருந்த எண்ணெய் மூலையில் ஒட்டிக்கொண்டது.

"சாயங்காலத்துக்குள்ள காரணம் கேட்கிறாங்க. நான் கழட்டலைன்னு தெரிஞ்சா அதோட வேலை போச்சு. இந்த வயசுல எவன் என்னைச் சேர்த்துப்பான்?"

"ஐம்பத்தாறு நல்லா ஓடுதேண்ணா."

"ஓடுது. எனக்குத் தெரியாதா?" அவன் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கமாக நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து மேசைக்குச் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். "தப்பு கிரீஸ்லதான்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடு, களிம்பு."