சூட்டுக்கு வைக்கும் பத்துக் குஞ்சுகள்

1987ஆம் ஆண்டு ஏப்ரல் 6, திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, அயோவா மாநிலத்து நார்வே ரிட்ஜில் உள்ள டீட்ஸ் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து, அன்று விடியலில் பொரித்த பதினைந்து பெட்டைக் குஞ்சுகள் மான்டானாவுக்குத் தபாலில் புறப்பட்டன. புதன்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது நான்குதான் உயிரோடு இருந்தன. அந்தப் பெட்டியைக் கட்டியவள் ஆர்டித் க்வாமே. வயது அறுபத்தொன்று, பெட்டி கட்டும் அறைக்கு முப்பது ஆண்டுகளாகத் தலைவி.

வியாழக்கிழமை பிற்பகல் தொலைபேசி வந்தது. பேசியவன் ஆரின் பெல், பெட்டி போய் இறங்கிய ஊரின் தபால் அலுவலக எழுத்தர்.

"மேடம், நான் பெட்டிய ராத்திரிக் குளிர்ல வெளி மேடையில போட்டுட்டேன்னு குஞ்சு வாங்கின அம்மா புகார் எழுதிக் குடுத்துட்டாங்க. சத்தியமா இல்லை. ஹீட்டர் பக்கத்துலதான் வச்சேன், என் கோட்டக் கழட்டி மேல போர்த்தினேன். உள்ள சத்தமே இல்லை மேடம். வழக்கமா குஞ்சுப் பெட்டி வந்தா ஆபீசே காது கிழியும். பயந்துபோய் காலைல அஞ்சேகாலுக்கே அவங்கள எழுப்பிட்டேன்."

"விசாரணையா?"

"ஆமா. நான் இன்னும் தற்காலிகம்தான், தூக்கிப் போட்டா கேக்க ஆள் இல்லை. நீங்க எப்படிக் கட்டினீங்கன்னு ஒரு கடிதம் எழுதுங்க. உள்ளது உள்ளபடி, அது போதும்."

ஆர்டித் சரியென்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

பொரித்த குஞ்சுக்கு வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சள் கரு மூன்று நாளைக்குத் தாங்கும். தீனியும் தண்ணீரும் இல்லாமலே பயணம் செய்துவிடும். சூடு மட்டும் குறையக் கூடாது. அந்தச் சூட்டைப் பக்கத்துக் குஞ்சின் உடம்பு தர வேண்டும். அதனால்தான் பெட்டிக்கு இருபத்தைந்து என்பது கணக்கு. பதினைந்து கேட்டவருக்கு, கேளாமலே பத்து ஆண் குஞ்சுகளைச் சூட்டுக்கு வைத்து அனுப்புவார்கள். பெட்டியைக் கேட்ட மான்டானாப் பெண்மணி, லவோன் டிஸ்டேல், முன்கூட்டியே எழுதியிருந்தாள்: போன வருஷம் வந்த சேவல் குஞ்சுகளை வாளித் தண்ணீரில் அமுக்க வேண்டியதாயிற்று, பிள்ளைகள் பார்த்துவிட்டு ஒரு வாரம் சாப்பிடவில்லை, தயவுசெய்து வேண்டாம். கடிதத்தை இரண்டு முறை படித்த ஆர்டித், முப்பது ஆண்டில் முதல் தடவையாகப் பத்தையும் வெளியே எடுத்தாள். இரக்கம் என்றுதான் நினைத்தாள். எடுத்த பத்தும் அன்று மாலையே மற்ற ஆண் குஞ்சுகளோடு சேர்த்துக் கொல்லப்பட்டன என்பதை அவள் நினைக்கவில்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

முதலாளி மெர்ல் டீட்ஸ் காபிக் கோப்பையோடு உள்ளே வந்தான். அவன் தவழ்ந்த காலத்திலிருந்தே ஆர்டித் அவனை அறிவாள்.

"மான்டானா பஞ்சாயத்தா? விடுங்க. நீங்க கட்டின பெட்டின்னு சொன்னா கோழியே எழுந்து நின்னு வணக்கம் போடும். ஒழுங்காத்தான் கட்டினோம்னு ரெண்டு வரி தட்டிவிடுங்க."

"ஒழுங்காக் கட்டல மெர்ல். பத்தையும் நான் எடுத்துட்டேன்."

அவன் கோப்பையை மேசைமேல் வைத்தான். "குளிர் விடாத ஏப்ரல் மாசத்துலயா? நீங்களா?"

"அந்தம்மா கெஞ்சி எழுதியிருந்தா."

"பதிலுக்கு என்ன வச்சீங்க?"

"வைக்கோல்."

"வைக்கோல் சூடு குடுக்குமா?"

"இருக்கிற சூட்டப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். எனக்குத் தெரியாதுன்னா கேக்குற? தெரிஞ்சேதான் செஞ்சேன்."

மெர்ல் சன்னல் பக்கம் திரும்பினான். "அப்போ வைக்கோல் நிறைய வச்சோம்னு எழுதுங்க. அது பொய் இல்லையே."

"பொய் இல்லை. ஆனா அதப் படிச்சா அந்தப் பையன்தான் கொன்னான்னு ஆகிடும்."

"நம்ம பேரு கெட்டா இங்க நாப்பது பேரு வீட்டுக்குப் போகணும். அவன் ஒருத்தன்."

"கோட்டக் கழட்டிப் போர்த்தினவன் அவன். நான் அந்த நேரத்துல போர்வைக்குள்ள தூங்கிட்டு இருந்தேன்."

"இந்தப் பிடிவாதத்துக்குத்தான் எங்கப்பா உங்களுக்குப் பயந்தாரு," என்று மெர்ல் முணுமுணுத்தான்.

"உங்கப்பாவா இருந்தா இந்நேரம் என்னைத் திட்டியிருப்பாரு. நீ அதுகூடச் செய்யல."

மெர்ல் வெளியே போனான். போகும்போது காபியை எடுக்க மறந்துவிட்டான்.

ஆர்டித் தட்டச்சு இயந்திரத்தில் தாளை ஏற்றினாள். பெட்டியின் அளவு, குஞ்சுகளின் எண்ணிக்கை, வைக்கோலின் எடை, திங்கட்கிழமை இரவின் குளிர் ஆகியவற்றை வரிசையாக எழுதினாள். வழக்கமாகச் சூட்டுக்கு வைக்கும் பத்துக் குஞ்சுகள் இல்லாமல் அந்தப் பெட்டி கட்டப்பட்டது என்றும், அப்படிக் கட்டியது தானே என்றும், தபால் எழுத்தரிடம் குறை எதுவும் இல்லை என்றும் எழுதினாள். 'வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால்' என்று தொடங்கிய ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு, தாளை மாற்றி மறுபடியும் முழுவதையும் தட்டச்சு செய்தாள்.

கடிதம் வெள்ளிக்கிழமை அஞ்சலில் போயிற்று. ஏப்ரல் 20ஆம் தேதி ஆரின் பெல்மீதான விசாரணை கைவிடப்பட்டது. லவோன் டிஸ்டேலுக்கு மே மாத இறுதியில் வேறு பதினொரு பெட்டைக் குஞ்சுகள் அனுப்புவதாக முடிவாயிற்று. தனிப் பெட்டியில் அல்ல, அவளுடைய அண்டை வீட்டார் கேட்டிருந்த பதினைந்தோடு சேர்த்து ஒரே பெட்டியில். இருபத்தைந்துக்குக் குறைந்த பெட்டி எதுவும், யார் எழுதிக் கேட்டாலும், டீட்ஸ் பொரிப்பகத்திலிருந்து புறப்படக் கூடாது என்றும், சேவல் வேண்டாம் என்பவர்கள் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்றும் விதி எழுதப்பட்டது. ஆர்டித்தைக் கட்டும் அறையிலேயே வைத்துக்கொள்வது என்று மெர்ல் தீர்மானித்தான். பெட்டிகளுக்குக் கடைசி முத்திரை வைக்கும் பொறுப்பை மட்டும் வேறொருவருக்குத் தர வேண்டும் என்று அவளே எழுத்தில் கேட்டாள், அதுவும் ஏற்கப்பட்டது.