சாட்சி நாற்காலியில் ஒரு முன்னாள் கணவர்

...முழு உண்மையையும் சொல்வேன், எதையும் மறைக்க மாட்டேன், சேர்க்க மாட்டேன், மாற்ற மாட்டேன், என் மானத்தின் மீதும் மனசாட்சியின் மீதும் ஆணை. காலையிலிருந்து கண்ணாடி முன் நின்று நாற்பது முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது, 'சேர்க்க மாட்டேன்' என்ற இடத்தில் மட்டும் எவெர்ட்டுக்குத் தொண்டை அடைக்கிறது, எழுபத்தாறு வருடமாகச் சேர்த்தே பழகிய தொண்டை... சட்டைப்பையில் இன்னும் சூடு ஆறாத ஏலக்காய் ரொட்டி, வராந்தாவில் முன்னாள் மனைவி மாய்வோர் திணித்தது, "யோவ், உள்ள போய் வழக்கம்போல கதை அளந்தே, தொலைச்சுடுவேன்" என்று சொல்லிக்கொண்டே திணித்தது. இப்போது எதிரே குற்றம் சாட்டப்பட்டவர் இருக்கையில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேட்டைக் காலம் தொடங்க ஆறு நாள் இருக்கும்போது எல்க் மானைச் சுட்டுவிட்டாளாம். தீர்ப்பு எதிராகப் போனால் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார்கள், அவள் அப்பாவின் துப்பாக்கி, அது இல்லாமல் வேட்டைக் கூட்டத்தில் அவளுக்கு இடமேது, முப்பது இலையுதிர் காலமாக அவள் காத்திருக்கும் அந்தப் பாறையில் வேறு எவனாவது உட்காருவானா, உட்காரத்தான் விடலாமா?

கண்ணால் பார்த்த ஒரே சாட்சி எவெர்ட், ஏரிக்கு அக்கரை வீட்டுக்காரர். ஆனால் அவர் கைக்கடிகாரத்தை விழுங்கிய மீன் மூன்று வருடம் ஏரிக்குள் மணியடித்த கதையை ஊரில் அறியாதவர் யார், அவர் 'மழை' என்றால் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் குடையைத் தேடுவார்கள்... அதனால்தான் இந்தச் சத்தியம் வேண்டும், சத்தியம் ஒன்று ஏறிவிட்டால் அவர் பேச்சுக்கும் கொஞ்சம் எடை கூடும்.

"எவெர்ட், நீங்க இவங்களோட முன்னாள் கணவர்தானே?" நீதிபதி சின்னப் பெண், மூக்கில் சளி.

"ரத்தாகி இருபத்தேழு வருஷம் ஆச்சும்மா. கரண்டியக்கூட எண்ணிப் பிரிச்சாச்சு."

"ஒரு தடவ கல்யாணம் ஆயிருந்தாலே சட்டப்படி நீங்க நெருங்கின சொந்தம். சாட்சி சொல்லணும்னு கட்டாயமில்ல. சொன்னாலும் சத்தியம் வாங்க மாட்டோம்."

சத்தியம் இல்லையா, நாற்பது தடவை வீணா... படகை எடுத்துக்கொண்டாள், நாயை எடுத்துக்கொண்டாள், பழைய குடும்பப்பெயரைக்கூடத் திரும்ப எடுத்துக்கொண்டாள், "வாய்லேருந்து ஒரே ஒரு நெசம் வரட்டும், நான் இருக்கேன்" என்று வாசலில் பெட்டியோடு நின்று கேட்டாள், அவருக்கு அவசரத்தில் ஒன்றும் தோன்றவில்லை, போய்விட்டாள், அத்தனைக்கும் பிறகு சட்டம் மட்டும் இன்னும் இவரை அவளோடு வைத்திருக்கிறதா? ஏன் சத்தியம் வாங்க மாட்டார்கள்... ஒரு காலத்தில் நேசித்தவன் அவளுக்காகப் பொய் சொல்வான், அவன் மனசாட்சியைச் சிக்கவைப்பானேன் என்று எவனோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறான், அவனுக்கும் ஒரு மாய்வோர் இருந்திருப்பாளோ, அவளும் ரொட்டியைத் திணித்துவிட்டுத் திட்டினாளோ...

"பேசுறீங்களா, கெளம்புறீங்களா?"

"பேசுறேம்மா." எவெர்ட் தொண்டையைச் செருமினார், அடைப்பு இல்லை, சத்தியமில்லாத தொண்டை என்ன லேசாக இருக்கிறது... "அன்னிக்கு சாயங்காலம் அவ தோட்டத்து மரத்தடியில உதிர்ந்து புளிச்ச ஆப்பிளத் தின்னு போதையேறிப்போச்சு அந்த எல்க்குக்கு, தள்ளாடிக்கிட்டே வந்து சமையலறை ஜன்னல்ல தலைய விட்டுச்சு, திரைச்சீலை கொம்புல மாட்டிக்கிச்சு, கல்யாணப்பொண்ணு முக்காடு மாதிரி. உயிருக்குப் பயந்துதாம்மா சுட்டா." மாய்வோர் தலை நிமிர்ந்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்குகிறது, அழுகிறாளா, சிரிக்கிறாளா, இந்த இருபத்தேழு வருடத்தில் அதைப் பிரித்தறியும் கண் தனக்கு எப்போது போனது...

மாய்வோரின் தோட்டத்தில் ஆப்பிள் மரமே கிடையாது.