முந்தாநேத்து

அவன் பேச்சில் காதில் அடித்த இடம் வந்ததும் அவள் தலை குனிய வேண்டும். மடியில் கிடக்கும் கைகளைப் பார்த்துவிட்டு மெல்ல நிமிர வேண்டும். அன்றும் குனிந்தாள். மேடையில் அவள் கணவன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டை அடைத்தவன்போல நின்றான்.

"இவ இடது காதுல அடிச்சேங்க. அந்தக் காது அன்னியோட போச்சு. இன்னைக்கு நான் எத்தனை தடவை மன்னிப்பு கேட்டாலும், அந்தக் காதுக்குக் கேக்காது."

அரங்கம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதிக் கொடுத்தது குடிமீட்பு மையத்துப் பயிற்சி மேடம்தான் என்றாலும், எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பதை அவனே கண்டுபிடித்திருந்தான்.

ஆரம்பத்தில் அவனுக்குப் பேசவே வராது. லாரி ஓட்டிய கதையில் தொடங்கி, முதலாளியைத் திட்டி, டயர் வெடித்ததில் போய் நிற்பான். மேடம்தான் ஒவ்வொன்றாய் வெட்டினாள். "டயரெல்லாம் யாருக்கு வேணும் அண்ணே? காது வரட்டும். நேரா காதுக்கு வாங்க." வந்தான். வந்த பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. தொழிற்சாலை, கல்லூரி, காவலர் குடியிருப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் கிளம்பினான். சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலையில் இருந்த அவளும், விடுப்பு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனாள். பேச்சு முடிந்ததும் ஜனங்கள் அவனைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். அவளிடம், "உங்களுக்குப் பெரிய மனசும்மா" என்பார்கள். சிரித்தால் போதும், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவன் குடியை விட்டது உண்மை. மூன்று வருடமாக ஒரு சொட்டு தொடவில்லை. குடித்த காலத்தில் கை தடுமாறும், பாதி அடி சுவருக்குப் போகும். விடிந்ததும் அவள் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுவான். இப்போது கையில் நடுக்கமே இல்லை. ரவிக்கைக் கைக்குள் மறைகிற இடமாகப் பார்த்துப் பிடித்து, நிதானமாகத் திருகுவான். பிறகு கை கழுவிவிட்டு வந்து சாப்பிடுவான். அழுகை கிடையாது. திருந்திய மனிதன் எதற்கு அழ வேண்டும்?

"இன்னைக்கு ஏன் சட்டுனு நிமிந்துட்டே? நான் அங்க உயிரைக் குடுத்துப் பேசறேன், நீ பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி உக்காந்திருக்கே," என்பான் வீட்டுக்கு வந்ததும்.

ஒருமுறை தன் அக்காவிடம் போனில் சொல்லிப் பார்த்தாள். அக்கா அவன் பேசிய வீடியோவை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு அழுத ஈரம் காயாமல் இருந்தாள். "அடியே, குடிய விட்ட புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்? கோவத்துல ஒரு கை வெச்சிருப்பாரு. நாக்குல நரம்பில்லாம பேசாதே."

அவளையும் பேசவைக்கலாம் என்பது மேடத்தின் யோசனை. மனைவி வாயால் வந்தால் கூட்டம் ஆடிப்போய்விடும் என்றாள். அவன் உடனே தலையாட்டினான். "பேசட்டுமே! என்ன பேசணும்னு நான் சொல்லிக் குடுத்துடறேன்."

"நீங்க சும்மா இருங்க அண்ணே. அக்காவ எங்கிட்ட விட்டுடுங்க," என்று மேடம் அவளைக் காட்டினாள்.

மையத்தின் மாடி அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, மேடம் அவளை நடுவில் நிற்கவைத்தாள். "நடந்துச்சுன்னு சொல்லாதீங்க அக்கா, நடக்குதுன்னு சொல்லுங்க. பல வருஷத்துக்கு முன்னாடின்னு ஆரம்பிச்சா தூங்கிடுவாங்க. நேத்து, முந்தாநேத்து நடந்த மாதிரி இருக்கணும். அடிச்சாரு இல்ல, அடிக்கிறாரு. புரியுதா?"

"புரியுது மேடம்." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நெஜமாவே இப்ப நடக்கறத எப்படி மேடம் சொல்றது?"

"அதேதான் அக்கா! கரெக்டா புடிச்சுட்டீங்க. இப்ப நடக்கற மாதிரியேதான்."

அந்த வாரம் முழுக்க இஸ்திரி மேசையில் ஆவி எழும்போதெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவளுடைய கணக்கு எளிமையானது. அந்த மேடையில் நின்று அவன் எதைச் சொன்னாலும் ஊர் நம்புகிறது. அதே மேடை, அதே விளக்கு, அதே மைக். அவள் சொன்னால் மட்டும் எப்படி நம்பாமல் போகும்? அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனால் என்ன செய்துவிட முடியும்? வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு நாள் எப்போது வரும் என்றிருந்தது.

வந்தது. பெரிய அரங்கம், பின்னால் நிற்கக்கூட இடமில்லை. அவன் பேசி முடித்து ஓரமாய்ப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் எழுந்து போனாள். மைக்கைப் பிடித்தாள்.

"முந்தாநேத்து," என்றாள். "நான் துணி மடிச்சிட்டிருக்கேன். இவரு வர்றாரு. சட்டைல மடிப்பு சரியில்லங்கறாரு. நான் பதில் சொல்லல. கையப் புடிக்கறாரு. இங்க." ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். "திருகறாரு. நான் கத்தல. கத்தினா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், அப்புறம் அதுக்கும் சேத்து விழும்."

ஊசி விழுந்தால் கேட்கும். எல்லாக் கண்ணும் தன்மேல் இருப்பதைப் பார்த்தாள். நம்புகிறார்கள். இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி.

"இதெல்லாம் குடிச்சிருந்தப்ப இல்லீங்க..."

நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. அவன் ஓடிவந்து அவள் முன்னால் முழங்காலிட்டான். கையிலிருந்த இன்னொரு மைக்கில் அவன் அழுகை அரங்கத்தை நிரப்பியது. "ஆமாங்க! பண்ணேன்! எல்லாம் இந்தப் பாவிதான் பண்ணேன்!" அவள் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பார்ப்பவர்களுக்கு அது ஒற்றல். அவன் கட்டைவிரல் முந்தாநாள் கன்றிப்போன அதே இடத்தில் இறங்கி எலும்பைத் தொட்டது.

அரங்கம் எழுந்து நின்றது.

"இது பழசு இல்லீங்க," என்றாள் அவள். "இப்பத்தான்... இப்பவும்..." கைதட்டலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வலியில் கண்ணீர் பொங்கியது. அதைப் பார்த்ததும் கைதட்டல் இன்னும் கூடியது.

மேடைக்குப் பின்னால் மேடம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "கொன்னுட்டீங்க அக்கா! அந்த முந்தாநேத்து இருக்கே, எனக்கே புல்லரிச்சுடுச்சு."

அவள் கையை மேடத்தின் முகத்துக்கு நேராக நீட்டினாள். நீலமும் மஞ்சளுமாய் நாலு விரல் தடம். அதன்மேல் புதிதாய் ஒரு சிவப்பு. மேடம் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கி, எங்கோ ஒரு நொடி நின்று, மறுபடி ஏறியது. ரவிக்கைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள்.

"அடுத்த வாரம் இதைவிடப் பெரிய கூட்டம் அக்கா. நல்லா ரெஸ்ட் எடுங்க. இனிமே ரெண்டு பேரும் சேந்தே பண்றீங்க."

வாசலில் அவன், மையம் கொடுத்திருந்த காருக்குப் பக்கத்தில் நின்றான். சுற்றிலும் கூட்டம். அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டான். இதற்கு முன் திறந்ததில்லை. அவள் உட்கார்ந்ததும் குனிந்து தலைப்பை எடுத்து உள்ளே போட்டான். யாரோ, "பாருடா, என்னமா தாங்கறாரு" என்றார்கள். கதவு சாத்திக்கொண்டது. அவன் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினான். வெளியே எல்லோருக்கும் கைகூப்பினான்.

"நல்லாப் பேசினே," என்றான், சிரித்த முகம் மாறாமல். "வீட்டுக்குப் போய் மிச்சத்தையும் பேசலாம்."

கார் நகர்ந்தது. கையசைக்கிற கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் பக்கவாட்டில் வேகமாக நடந்து வந்தாள். யாரோ எவளோ. அவள் கையசைக்கவில்லை, அழவும் இல்லை. உள்ளே இருந்தவளின் கையையே, ரவிக்கை மூடிய அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதோ கேட்டாள். உதடு மட்டும் தெரிந்தது. கார் வேகம் பிடிக்க, அவளும் ஓட ஆரம்பித்தாள். செருப்பு ஒன்று கழன்று பின்னால் விழுந்தது. திருப்பத்தில் திரும்பிப் பார்த்தபோது, ஹாரன்களுக்கு நடுவில், ஒற்றைச் செருப்போடு அந்தப் பெண் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள்.