அ. பாபுவின் தகப்பன் பெயர்

1

இந்தக் கதை ஒரு கூறு கவலையில் பிறந்தது. மனக்கவலையைச் சொல்லவில்லை, அது பின்னால் வருகிறது. கடலூர்ப் பக்கத்தில் மத்தி மீனுக்குக் கவலை என்றுதான் பெயர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நான் முதுநகர் மீன் சந்தையில் நின்றுகொண்டிருந்தபோது...' நாலு வரி போனதும் நிறுத்திவிட்டேன். 'நான்' என்று எழுதினால் நியாயமெல்லாம் என் பக்கமே வந்து சாய்ந்துகொள்கிறது. அதனால் 'நானை' எடுத்துவிட்டு நௌஷீன் என்று போடுகிறேன். இனி அவள் பட்ட பாடு அவளுடையது. ரொம்ப அவசியம் என்றால் அடைப்புக்குறிக்குள் வந்து எட்டிப் பார்ப்பேன்.

நௌஷீன் யார்? பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்குமே ஒரு மாத நாவல், 'துப்பறியும் அ. பாபு', அதை ஒன்பது வருஷமாக எழுதுகிறவள். அட்டையில் அவள் பெயர் இருக்காது. 'அன்பரசு' என்று இருக்கும். பாபுவை உண்டாக்கியவர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் அது. மனிதர் காலமாகிவிட்டார், பெயர் மட்டும் அட்டையை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது. சிதம்பரம் மேல வீதியில் பதிப்பகம் நடத்தும் அவர் மகன் சுரேந்தருக்கு மாதாமாதம் கதை வேண்டும். நௌஷீனுக்கு எழுதாமல் இருக்க முடியாது. பொருத்தம் அமைந்துவிட்டது.

பாபு காணாமல் போனவர்களைத் தேடித் தருகிறவன். துப்பாக்கி கிடையாது, கூலிங் கிளாஸ் கிடையாது. ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் கை நழுவிய குழந்தை, துபாய்க்குப் போய் முகவரி இல்லாமல் போன கணவன், சிப்காட்டில் வேலை என்று சொல்லிவிட்டு வேறெங்கோ போன தம்பி, எல்லாரையும் நடந்தே தேடுவான். கேட்டுக் கேட்டே கண்டுபிடிப்பான். அவனுக்கு வயதே ஏறுவதில்லை. அந்த ஒன்றில்தான் எனக்கு அவன்மேல் பொறாமை.

2

ஒரு நாள் சுரேந்தர் போன் செய்தான்.

"மேடம், ஆடியோ கம்பெனிக்காரங்க பாபுவ நாடகமா எடுத்துக்குறேன்றாங்க. ஆனா அப்படியே வேணாமாம். எத்தினி வருஷம் அதே ஆளு, புதுசா ஆக்குங்கன்றாங்க. பாபு இனிமே பானு. முஸ்லிம் பொண்ணு. துப்பறியும் பானு."

நௌஷீன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள்.

"இன்னொண்ணு மேடம். எழுதுறவங்க பேரு உங்க பேராவே இருக்கணுமாம். புக்கு அட்டைலயும் போட்டுரலாம். நௌஷீன்னு, பெரிய எழுத்துல."

இந்த இடத்தில் அவளுடைய வாப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்துல் ஹக், கடலூர் முதுநகரில் துணிக்கடை வைத்திருப்பவர். பாபு நாவல் வந்த அன்றே வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். "எம்மவ எழுதுனது" என்பார். "பாய், அன்பரசுன்னுல்ல போட்டிருக்குது" என்று சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். மறு மாதமும் போவார். அவர் அப்படிச் சிரித்துக்கொண்டு வந்து செருப்பைக் கழற்றும்போதெல்லாம் நௌஷீன் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். அவளுக்குத் தன் பெயர் அச்சில் வேண்டும். ஆசைதான். ஒளிப்பானேன்?

பானு வரட்டுமே என்றும் தோன்றியது. தமிழில் துப்பறிகிற கதை எத்தனையோ படித்திருக்கிறாள். அதில் ஒரு பாய் வந்தால் பிரியாணிக் கடை வைத்திருப்பார், இல்லையென்றால் அத்தர் மணக்க வந்து ஒரு துப்பு சொல்லிவிட்டுப் போய்விடுவார். கதையை அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை. இப்போது கொடுக்கிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

பிறகு ஆடியோ கம்பெனி அனுப்பிய மாதிரிக் காட்சி வந்தது. பானு பேசும் முதல் வசனம்: "அரே, கொலைகாரன் இங்கேதான் இருக்கான்!" இரண்டாம் வசனம்: "அரே, கதவைத் திற!" மூன்றாவதும் அரேதான்.

நௌஷீன் வீட்டில் ஏழு தலைமுறையாக யாரும் 'அரே' சொன்னதில்லை. பிறந்ததும் தமிழ், திட்டுவதும் தமிழ், மையத்து வீட்டில் அழுவதும் தமிழ். (மையத்து வீடு என்றால் சாவு வீடு. இதற்கு நீங்கள் அடிக்குறிப்பு கேட்பீர்கள் என்று தெரியும். 'அரே'வுக்கு மட்டும் கேட்கமாட்டீர்கள்.)

3

மறுநாள் காலை அவள் கவலை வாங்கப் போனாள்.

ராணியம்மாளிடம்தான் எப்போதும் மீன் வாங்குவது. தேவனாம்பட்டினத்துக்காரி. வியாபாரம் மந்தமான நேரத்தில் கூடைக்குப் பின்னால் பாபு நாவலை விரித்துவிடுவாள். பக்கத்துக்குப் பக்கம் செதில் ஒட்டியிருக்கும். அதை எழுதுவது எதிரில் பை விரித்து நிற்கிறவள் என்று அவளுக்குத் தெரியாது.

"இன்னாக்கா, பாபு யார தேடுறான்?"

"யாரோ ஒரு கெழவன. கெடைக்கல. ஆனா வுட மாட்டான் பாரு. வலயப் போட்டுட்டு காத்துக் கெடக்குற புத்தி, எங்க ஆளுங்க புத்தி."

"உங்க ஆளுன்னு யாருக்கா சொன்னது?"

"பேருலயே இருக்குதே. அ. பாபு. அ-ன்னா அமாவாச. எங்கப்பாரு பேரு." ராணியம்மாள் கூறில் இன்னும் இரண்டு மீனை எடுத்துப் போட்டாள். "எனக்குக் கூடப் பொறந்த ஆம்பள இல்ல பாப்பா. இவன எந்தம்பின்னு வெச்சிருக்கேன். சிரிக்காத."

நௌஷீனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் தம்பி கிடையாது. பாபுவை எழுத உட்கார்ந்த முதல் நாளே, அந்த 'அ'வுக்கு அப்துல் ஹக் என்று மனசுக்குள் பொருள் வைத்துக்கொண்டவள் அவள். பாபு தேடி அலைந்து களைத்து வீடு திரும்பும்போதெல்லாம் அவள் வாப்பாவின் வீட்டுக்குத்தான் திரும்புவான். அது யாருக்கும் தெரியாமல் எழுத்துக்கு அடியில் கிடந்தது.

(நமக்குப் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஓர் எழுத்து. அதற்குள் அப்பா இருக்கிறார். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு எந்த அப்பா என்று தெரியாது. குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு வாசகர், பெயர் அந்தோணிசாமி, பதிப்பகத்துக்குப் போன் போட்டு, "பாபு கிறிஸ்மசுக்கு வீட்டுக்குப் போற மாதிரி ஒரு சீன் வைங்க சார்" என்று கெஞ்சியது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.)

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்க்கா. பாபு பாய் வூட்டுப் புள்ளன்னு தெரிஞ்சா?"

ராணியம்மாள் கூறின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். யோசித்தாள். அவளைப் பெரிய மனசுக்காரியாகக் காட்ட எனக்கும் ஆசைதான். அதற்கு ஒரு வசனம்கூட எழுதி வைத்திருந்தேன்: 'பாயா இருந்தா இன்னா, எல்லாரும் மனுஷங்கதானே...' அடித்துவிட்டேன். அவள் சொன்னது வேறு.

"படிப்பேன். ஏன் படிக்க மாட்டேன்? ஆனா எந்தம்பியா இருக்க மாட்டான் இல்ல? ஒந்தம்பியப் பாக்குற மாரி பாப்பேன். வூட்டுக்கு வந்தா ஒக்கார வெச்சி சோறு போடுவேன்." கூறைப் பையில் கொட்டினாள். "ஏன் கேக்குற?"

"சும்மாதான்க்கா."

4

(இந்தப் பகுதியில் நௌஷீன் இரவெல்லாம் புரண்டு படுத்து யோசிப்பதாக மூன்று பக்கம் இருந்தது. மீன் குழம்பு நன்றாக இருந்தது, அவள் தூங்கிவிட்டாள். எடுத்துவிட்டேன்.)

5

சுரேந்தருக்கு நேரில் பதில் சொல்லிவிடலாம் என்று சிதம்பரம் பஸ் ஏறினாள். ஜன்னலோரம். சிப்காட் வாடை மூக்கில் ஏறி, ஆலப்பாக்கம் தாண்டியதும் இறங்கிவிட்டது. புதுச்சத்திரம் பக்கம் காற்று மெல்லக் கண்ணை அழுத்தியது. அப்புறம் பஸ்ஸின் வலப்பக்கம் கடல் வந்தது. சிதம்பரம் போகிறவளுக்குக் கடல் இடப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? தூங்கிவிட்டோம் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியவில்லை.

முன் இருக்கையில் பாபு உட்கார்ந்திருந்தான். சட்டையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, அவள் போட்டுவிட்ட சட்டைதானே. திரும்பினான். முகம் நிற்கவில்லை. தண்ணீரில் தெரிகிற முகம் மாதிரி ஒன்று கலைந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக அவன் முகத்தை ஒரு வரிகூட வர்ணிக்கவில்லை என்பது அவளுக்கு அங்கேதான் உறைத்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண். தலையில் முக்காடு, மடியில் கைப்பை. நௌஷீனைப் பார்த்து "அரே" என்று சொல்லிவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கங்கக்கா. எனக்கு அத மட்டுந்தான் எழுதிக் குடுத்திருக்காங்க."

நௌஷீனுக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. பாவம், நல்ல பெண். தப்பு அவளுடையது இல்லை. "ஒனக்கு நான் வேற எழுதித் தரேன்" என்றாள். "ஆனா அவனோட சட்டையக் கழட்டி ஒனக்குப் போட முடியாது. ஒனக்குன்னு ஒண்ணு தெச்சித் தரேன், கொஞ்சம் பொறு."

"பொறுத்துக்கிறேன்க்கா. ஆனா ஜாஸ்தி நாள் ஆக்கிடாதீங்க" என்றாள் பானு.

கண்டக்டர் வந்தார். பாபுவிடம் கை நீட்டினார். "அப்பா பேரு சொன்னாதான் டிக்கெட்."

பாபு காசை நீட்டினான். கண்டக்டர் வாங்கவில்லை. பாபு திரும்பி நௌஷீனைப் பார்த்தான். பஸ்ஸில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். முன்னால் காலிக் கூடையோடு ராணியம்மாள், அவளுக்குப் பின்னால் அந்தோணிசாமியாகத்தான் இருக்க வேண்டும், இன்னும் பேர் தெரியாத எத்தனையோ பேர். எல்லார் வாயிலும் ஆளுக்கொரு பெயர் தயாராக இருந்தது. கடல் ஜன்னல்வரை வந்து நின்றது. நௌஷீன் 'அப்துல்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் வாப்பாவின் பெயர் தித்தித்தது.

"சிதம்பரம்லாம் எறங்கு!"

6

சுரேந்தர் கம்ப்யூட்டரில் இரண்டு அட்டை போட்டு வைத்திருந்தான். ஒன்றில் பானு, நௌஷீன். மற்றதில் பாபு, அன்பரசு.

"சார், மூணாவது ஒண்ணு போடுங்க" என்றாள். "பாபு அப்படியே இருக்கட்டும். பேரு மட்டும் என்னுது."

சுரேந்தர் கெட்டவன் இல்லை. (வில்லன் இல்லாத கதைக்கு மவுசு கிடையாது என்பார்கள். என்ன செய்வது, இருப்பதுதானே வரும்.) நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான்.

"போடறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க பேரப் போட்டாலே பாபு மாறிடுவான். ஒரு வரி மாத்த வேணாம். அ-ன்னா அப்துல்னு அவுங்களே படிச்சிக்குவாங்க. அன்பரசுன்னு இருக்கங்காட்டிதான் ஆளாளுக்கு நம்மாளுன்னு நெனைக்கிறாங்க."

"அன்பரசுன்ற பேருக்கு மட்டும் ஊரு, சனம் கெடையாதா சார்?"

"அது... சும்மா ஒரு பேரு மேடம்."

"நௌஷீனும் சும்மா ஒரு பேருதான்."

சுரேந்தர் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினான். "எனக்குத் தெரியும் மேடம். படிக்கிறவங்களுக்கு?"

 அவளுக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்கிற பயத்தில் வந்த கோபம். அன்பரசு என்றால் எல்லாருக்கும் பொதுவாம், நௌஷீன் என்றால் ஒரு தெருவுக்கு மட்டுமாம். இதை யார் எழுதி வைத்தது? அவள் எழுதவில்லை. ஒன்பது வருஷமாக அவள் எழுதிய எல்லார் வீட்டுப் பிள்ளையையும், அவள் பெயர் வந்து நின்ற மாத்திரத்தில் பறித்துவிடும் என்றால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்வாள்?

7

முடிவுகள்.

முதல் முடிவு: பானு வருகிறாள். அட்டையில் நௌஷீன். அப்துல் ஹக் டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொல்கிறார். ராணியம்மாள் படிக்கிறாள், செதிலோடு பக்கம் புரட்டுகிறாள், நல்லாத்தான் இருக்குது என்கிறாள், தம்பி இல்லாத வீட்டுக்குப் போய்ச் சேர்கிறாள். இதை எழுதிப் பார்த்தேன். டீ வரைக்கும் நன்றாக வந்தது.

இரண்டாம் முடிவு: பாபு இருக்கிறான், அன்பரசு இருக்கிறார், நௌஷீன் அடுத்த மாதக் கதையை எழுதப் போய்விடுகிறாள். தியாகம். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் முடிவை என்னால் எழுத முடியவில்லை. சோம்பல் இல்லை. அது என் கையில் இல்லை.

சுரேந்தர் மூன்றாவது அட்டையைத் திறந்துவிட்டான். மேலே 'துப்பறியும் அ. பாபு'. கீழே எழுதியவர் பெயருக்கு இடம். "இன்னா அடிக்கட்டும் மேடம்?" என்று கேட்டுவிட்டு விரலை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். நௌஷீன் வாயைத் திறக்கவில்லை. அவள் பார்வை அவன் மேல் இல்லை, திரை மேலும் இல்லை.

இவ்வளவு தூரம் படித்து வந்ததில் நீங்களும் பாபுவுக்கு ஒரு முகம் வைத்திருப்பீர்கள், அந்த 'அ'வுக்குள் ஓர் அப்பாவையும் உட்கார வைத்திருப்பீர்கள். யார் என்று கேட்கமாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம். இப்போது அட்டையில் நௌஷீன் என்று வைத்துப் பாருங்கள். அந்த முகம் அப்படியே இருக்கிறதா, உங்கள் பாபு உங்களிடமே இருக்கிறானா? இருந்தால் சுரேந்தரிடம் சொல்லுங்கள், அவள் பெயரை அடிக்கட்டும். போய்விட்டான் என்றால் அதையும் சொல்லுங்கள்.

பொய் மட்டும் வேண்டாம். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.