வேண்டாம் பெட்டி

மனைவி இறந்து மூன்றாவது மாதம், அவளுடைய உடைந்த பல் எந்தப் பக்கம் என்பதில் சண்டை வந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த கொழுந்தியாள் பேச்சோடு பேச்சாக, "அந்த இடது பக்கத்து ஒடஞ்ச பல்லு தெரிய அக்கா சிரிச்சா, கோவமே போயிடும்" என்றாள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "இடது இல்ல. வலது."

"என்ன மாமா, கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா?"

"இருபத்தெட்டு வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டவன் நான்."

"அவளப் பாத்தா சாப்பிட்டீங்க? அச்சுத்தாளப் பாத்துல்ல சாப்பிட்டீங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்கு அது முள்ளாகத் தைத்தது. அவள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மனைவியின் முகத்தை வரவழைத்தார். வந்தது. பல் ஒரு தடவை இந்தப் பக்கம் இருந்தது, மறுதடவை அந்தப் பக்கம். அழுத்திப் பார்க்கப் பார்க்க வாயே கலங்கிப்போனது. நனைந்த தாளில் எழுத்து ஊறிப் பரவுவது போல, கன்னமும் மூக்கும் ஒன்றோடொன்று கலந்தன.

படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அலமாரியைத் திறந்தார். ஆல்பத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு காற்புள்ளிக்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவர் என்பதால் அங்கே அவருக்குப் பெயரே 'கமா சார்'. பத்து வருஷத்துக்கு முன்பு அவர் கைக்கு ஒரு சிறு புத்தகம் வந்தது: நாட்டில் அவசியம் பார்க்க வேண்டிய பன்னிரண்டு இடங்கள். கோட்டை, குகை, கலங்கரை விளக்கம், அருவி, பழைய அரண்மனை. வீட்டுக்குக் கொண்டுவந்து மூலப்பிரதியை மனைவியை வாசிக்கச் சொல்லி, அச்சுத்தாளில் அவர் சரிபார்த்தார். ஏழாம் பக்கத்தில் அவள் நிறுத்தினாள்.

"இதுல ஒண்ணையாவது நாம பாத்திருக்கோமா?"

"பாக்கலை. ஆனா எல்லாத்துலயும் தப்பு பாத்துட்டேன்."

"தப்பு மட்டும் பாத்தாப் போதுமா? வருஷத்துக்கு ஒண்ணு. கிழவன் கிழவி ஆகுறதுக்குள்ள முடிச்சிடுவோம்."

ஒன்பது முடித்தார்கள். சீட்டு கட்டி வாங்கிய கேமராவில் அவள்தான் படம் எடுத்தாள். ஒவ்வோர் இடத்திலும் அவரை நிறுத்தி, "கிலோமீட்டர் கல்லு மாதிரி நிக்காதீங்க, கொஞ்சம் மனுஷனா நில்லுங்க" என்பாள். அவர் கல்லாகத்தான் நின்றார். ஆல்பத்தின் ஒன்பது ஊர்களிலும் அவர் மட்டுமே இருந்தார். கேமராவை என் கையில் கொடு என்று ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. தோன்றவே இல்லை. அதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

அவளுடைய பழைய படங்கள் சில இருந்தன. கல்யாணப் படம், அடையாள அட்டையில் திருடியைப் போல முறைக்கும் படம். பல் உடைந்தது அதற்கெல்லாம் பின்னால், ஐந்தாவது இடத்தில். குகைப் படியில் வழுக்கி விழுந்து, ரத்தம் வழிய எழுந்து உட்கார்ந்து, "அஞ்சாவது இடத்துக்கு என் காணிக்கை" என்று சிரித்தாள். அந்த முகத்துக்கு உலகத்தில் ஒரு படம்கூட இல்லை.

ஒருவேளை இருக்கலாம். எல்லா இடத்து வாசலிலும் படக்காரர்கள் நின்றார்கள். வருகிறவர்களைக் கேட்காமலே எடுத்து, அச்சிட்டு, திரும்பி வரும்போது நீட்டுவார்கள். வாங்காத படம் அவர்களிடமே கிடக்கும். நீட்டிய எல்லோரையும் அவர் விரட்டியிருந்தார். "நம்மகிட்டதான் கேமரா இருக்கே, இவனுங்க எதுக்கு?"

மறுநாளே விடுப்பு சொல்லிவிட்டு முதல் இடத்துக்குப் பஸ் ஏறினார்.

அவருடைய தொழில் அங்கேதான் அவரைக் கெடுத்தது. பிழை திருத்துகிறவன் நடுப்பக்கத்தில் தொடங்க மாட்டான். முதல் பக்கம், முதல் வரி. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய இடத்தில் தொடங்கி, வரிசை பிசகாமல், பல் உடைவதற்கு முந்தைய நாலு இடங்களையும் விடாமல், விடுப்புக் கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனார். அரண்மனை வாசலில் படக்காரரே இல்லை, துணிப்பை விற்றார்கள். அருவியில் இருந்தவன், "எட்டு வருஷமா? சார், எட்டு நாளுக்கு முன்னாடி எடுத்ததே எங்கிட்ட இல்ல" என்றான். குகைக்காரர்கள் சாயங்காலமே அழித்துவிடுவார்களாம். நான்கு மாதம் போயிற்று. எட்டாவது இடமான கலங்கரை விளக்கத்தில் ஒருத்தி பரிதாபப்பட்டு, "கோட்டை வாசல்ல கேளுங்க. அங்க மட்டும் தேதி போட்டு ஒரு வருஷம் வெச்சிருப்பாங்க, அப்புறம் கொளுத்திடுவாங்க" என்றாள்.

கோட்டை ஒன்பதாவது. பையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். கோட்டைப் பக்கத்தின் ஓரத்தில் அவள் பென்சிலால் டிக் அடித்துத் தேதி போட்டிருந்தாள். ஒரு வருஷம் முடிய இன்றும் நாளையும், இரண்டே நாள்.

பஸ் நிலையத்திலிருந்து கொழுந்தியாளுக்குப் போன் செய்தார். கேட்டுவிட்டு அவள் கத்தினாள். "புத்தி இருக்கா மாமா? கடைசியாப் போன எடத்துக்கில்ல முதல்ல போயிருக்கணும்! வெண்ணெயக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையா…"

"வரிசையாப் போனேன்மா."

"ஓடுங்க" என்றாள்.

ஓடினார். ஒரு பஸ் பழுதாகி ஒரு நாள் முழுக்க நின்றது, அடுத்ததில் இடமில்லை. நின்றுகொண்டே பதினொரு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே ஊர்கள் போயின. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. கண்ணை மூடி முகத்தை வரவழைக்கவும் பயமாக இருந்தது, தொட்டால் மிச்சமும் கலைந்துவிடுமோ என்று.

மூன்றாம் நாள் காலையில் கோட்டை வாசலில் இறங்கினார். படக்காரர்களின் கொட்டகை அகழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது. தகரக் கூரை, அச்சு இயந்திரம், சுவரோரம் தேதி எழுதிய செருப்பு அட்டைப் பெட்டிகள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த பெரியவரை எல்லோரும் 'லென்ஸ்' என்று கூப்பிட்டார்கள். அவர் தேதியைக் கேட்டுவிட்டு, பெட்டிகளைப் பார்க்காமலே உதட்டைப் பிதுக்கினார்.

"நேத்து மத்தியானம் கொளுத்திட்டோம் சார்."

பின்பக்கத்தில் சாம்பல் இருந்தது. அவர் போய்க் குந்தி உட்கார்ந்து கையை விட்டுத் துழாவினார். ஓரம் கருகிய ஒரு துண்டில் யாரோ ஒரு குழந்தையின் செருப்புக் கால். மற்றதெல்லாம் விரல் பட்டதும் பொடிந்தது. ஓலமிட்டு அழ வேண்டும் போல் இருந்தது.

லென்ஸ் பின்னால் வந்து நின்றார். "யாரு சார்?"

"சம்சாரம்."

"இப்ப…"

"இல்ல."

லென்ஸ் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "படத்துக்கு நின்னாங்களா?"

"இல்ல. நான்தான் வேணாம்னு கையக் காட்டி வெரட்டினேன்."

"கையக் காட்டினீங்களா?" லென்ஸின் குரல் மாறியது. "கேமராவுக்கு நேரா?"

கொட்டகை மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டியைக் காலால் இழுத்தார். "மிஷின் எல்லாத்தையும் மொத்தமா அடிச்சுத் தள்ளிடும். கை மறைச்சது விக்காது, கேட்டும் வர மாட்டாங்க. அதனால தேதிப் பெட்டியில போடுறதில்ல. பின்பக்கம் வெள்ளையா இருக்குல்ல, டோக்கன் எழுதக் கிழிச்சுக்குவோம். இதுக்குப் பேரே வேண்டாம் பெட்டி. கெடைச்சாலும் கெடைக்கும். ஆனா பாதி கிழிச்சாச்சு."

அவர் தரையில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார்.

பெட்டி நிறையக் கைகள். கோட்டை வாசலை மறைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான உள்ளங்கைகள். வளையல் போட்டவை, கடிகாரம் கட்டியவை, கோபமாக விரிந்தவை, பாதி மனதோடு தூக்கியவை. இத்தனை பேர் இத்தனை தடவை வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கவிழ்த்து அடுக்கினார். வெயில் கொட்டகைக்குள் வந்து, அவர் முழங்காலைத் தாண்டிச் சுவருக்குப் போனது. யாரோ தேநீர் வைத்தார்கள், ஆறிப்போனது. சின்னவர்கள் டோக்கனுக்குத் தாள் எடுக்க வந்தபோதெல்லாம் லென்ஸ், "இன்னிக்கு வேற எதுலயாவது எழுதுங்கடா" என்று விரட்டினார்.

பெட்டியின் அடி தெரியத் தொடங்கியிருந்தது. அப்போது ஒரு கையைப் பார்த்ததும் அவர் விரல்கள் நின்றன. ஆள்காட்டி விரல் நுனியில் சிவப்பு மை. முப்பது வருஷமாகப் போகாத கறை.

தன் முகத்தை மறைப்பதாக நினைத்துத்தான் அன்று கையைத் தூக்கியிருந்தார். படத்தில் அவர் முகம் தெளிவாக இருந்தது, கடுகடுவென்று. கை நீண்டு மறைத்தது பக்கத்தில் நின்றவளை. நெற்றியையும் கண்களையும் பாதி மூக்கையும் உள்ளங்கை விழுங்கியிருந்தது. அதற்குக் கீழே மிச்சம் இருந்தது வாயும் முகவாயும். வாய் அகலத் திறந்து, அவரைப் பார்த்தோ படக்காரனைப் பார்த்தோ, சிரித்துக்கொண்டிருந்தது. உடைந்த பல் தெரிந்தது. இடது பக்கம்.

லென்ஸ் குனிந்து பார்த்தார். "அட, கெடைச்சிடுச்சா! கவலைய விடுங்க சார். கம்ப்யூட்டர்ல கைய அழிச்சுட்டு மூஞ்சிய ஒட்டிடலாம். அவங்க படம் வேற ஒண்ணு குடுங்க, போதும்."

சொன்ன பிறகுதான் லென்ஸுக்கே உறைத்தது, வேறு படம் இருந்தால் இவர் இங்கே ஏன் வருகிறார் என்று. தலையைச் சொறிந்துகொண்டு அச்சு இயந்திரத்தின் பக்கம் போய்விட்டார்.

படக் கையின் மேல் அவர் தன் கையை வைத்துப் பார்த்தார். பிறகு மெல்ல எடுத்தார், எடுத்தால் அடியில் முகம் இருக்கும் என்பது போல. கைக்கு அடியில் கைதான் இருந்தது.

பையில் போன் அடித்தது. கொழுந்தியாள்தான்.

"மாமா? கெடைச்சுதா?"

"நீ சொன்னதுதான். இடது பக்கம்."

அவள் அங்கே அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே, "மொகம் நல்லாத் தெரியுதா மாமா?" என்றாள்.

அவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பாலத்தின் மேல் புதிதாக ஒரு பஸ் கூட்டம் வந்துகொண்டிருந்தது. படக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள்.

"சிரிக்கிறாம்மா" என்றார்.